எய்ந்திரு சிஸ்டரும் காலியான வார்டும்

என் முன்னால் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறது. பழுப்பேறி, மடித்த இடங்களில் கிழிந்துபோனதைப் பின்னால் காகிதம் ஒட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். நோயாளி: நான். நோய்: குடல்வால் வீக்கம். ஊர்: செங்கற்பட்டு. மாதம் அக்டோபர் என்பது தெளிவு. ஆண்டும் 195 வரைக்கும் தெளிவு. கடைசி எண் இருக்கவேண்டிய இடத்தில் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விழுந்து உட்கார்ந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சில நாள் நான்காகத் தெரிகிறது. சில நாள் ஏழாகத் தெரிகிறது. தேதி விஷயத்தில் கறாரானவன் என்று பெயர் வாங்கிய எனக்கு இது தீராத அவமானம். ஆகவே வாசகர்கள் ஆண்டை மட்டும் கேட்கவேண்டாம். மற்றவற்றுக்கு நான் பொறுப்பு.

செங்கற்பட்டு ஜில்லாவில் படுத்துக் கிடந்தவர்களை எழுப்பிவிட்டதில் சூரியனுக்கு அடுத்தபடி ஒரு நர்சம்மாதான். சூரியனாவது மழைக்காலத்தில் விடுப்பு எடுக்கும். அந்த அம்மாள் எடுத்ததாகத் தகவல் இல்லை.

அவருக்கு நல்ல கிறிஸ்தவப் பெயர் ஒன்று இருந்தது. டியூட்டி பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தார்கள்; அதோடு சரி. வார்டில் அவர் பெயர் ‘எய்ந்திரு சிஸ்டர்’. மதராஸ் பயிற்சிப் பள்ளியில் கற்ற ‘எழுந்திருங்கள்’ முதல் தடவைக்கு மட்டும். இரண்டாம் தடவை அது ‘எழுந்திரு’ ஆகும். மூன்றாம் தடவை திருப்போரூர்ப் பக்கத்து வயல்வெளி தொண்டையிலிருந்து கிளம்பி வரும்: “எய்ந்திரு!” அதற்குப் பிறகும் படுத்திருந்தவர்கள் யாரும் என் விசாரணையில் அகப்படவில்லை.

இன்றைய வாசகர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போதெல்லாம் வயிற்றில் கத்தி பட்டவன் மூன்று வாரம் மல்லாந்து கிடப்பான். அதுதான் வைத்தியம், அதுதான் மரியாதை. நர்ஸ் என்றால் கண்ணாடி ஊசியை வெந்நீரில் கொதிக்கவைத்துக் குத்துபவர், மிக்ஸ்சர் மருந்து கொடுப்பவர், டாக்டர் வரும்போது தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நிற்பவர். மற்ற ஊழியம் எல்லாம் நோயாளியின் குடும்பத்துடையது. கட்டிலுக்கு மேலே ஒருவர் படுத்திருப்பார். கட்டிலுக்குக் கீழே அவருடைய குடும்பம் பாய், கூஜா, தூக்குச்சட்டி சகிதமாகக் குடியிருக்கும். சில கட்டில்களுக்குக் கீழே கல்யாணப் பேச்சே நடந்து முடிந்திருக்கிறது.

இந்த ராஜ்யத்துக்குள் எய்ந்திரு சிஸ்டர் வந்து சேர்ந்தார். அவர் பயிற்சி பெற்ற இடத்தில், போர்க்களத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு மேட்ரன் இருந்தாராம். போரில் கட்டில் போதாமல் சிப்பாய்களை மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்களாம். படுத்தவனைவிட நடந்தவன் சீக்கிரம் தேறினானாம். அந்தச் செய்தியைச் சிஸ்டர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். வாரம் ஒருமுறை மதராஸிலிருந்து ரயிலில் வந்து அறுவை செய்த இளம் சர்ஜனும் அவர் கட்சி. கேஸ் ஷீட்டில் ‘நடக்கலாம்’ என்று எழுதிவிட்டு அவர் ரயிலேறிவிடுவார். மிச்ச யுத்தம் சிஸ்டருடையது.

நான் அப்போது கோர்ட்டில் குமாஸ்தா. அறுவை முடிந்த மறுநாள் காலை, உயிரோடுதான் இருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கேன்வாஸ் ஷூ கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கஞ்சி போட்டுக் காய்ந்த வெள்ளைத் தொப்பி ஒன்று என் முகத்துக்கு மேலே வந்து நின்றது.

“எழுந்திருங்க சார்.”

“எங்கே போக சிஸ்டர்?”

“தரைக்கு.”

“நேத்துதானே வயித்தைக் கிழிச்சாங்க?”

“கிழிச்சது வயித்தை. கால் அப்டியேதான கீது?”

என் மனைவி குறுக்கே விழுந்தாள். “ரெண்டு நாள் போகட்டுமே சிஸ்டர். பாவம், முனகிக்கிட்டே இருந்தார்.”

“ரெண்டு நாளு போனா நெஞ்சுல சளி கட்டும். கால்ல ரத்தம் கட்டும். அப்புறம் உங்க வூட்டுக்காரர நாலு பேரு தூக்கினு போவணும். இப்பன்னா நான் ஒருத்தியே போதும்.”

என் மனைவி உடனே கட்சி மாறி, என் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நான் நடந்த அந்த நடையைக் காசி யாத்திரை என்று எங்கள் வீட்டில் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வாயால் எழாதவர்களுக்கு வேறு வைத்தியம் இருந்தது. வெற்றிலை போடுகிறவரின் செல்லப்பெட்டி காலையில் காணாமல் போகும். வார்டின் மறுகோடி ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். மூக்குப்பொடி போடுகிறவரின் பொடிமட்டை வராந்தாவில் கிடைக்கும். என் பலவீனம் செய்தித்தாள் என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். வார்டுக்கு வருகிற ஒரே பத்திரிகையைச் சணல் கயிற்றால் வராந்தாத் தூணில் கட்டிவிட்டார். உலகச் செய்தி முழுவதையும் நான் அந்த வாரம் நின்றுகொண்டேதான் படித்தேன்.

ஆனால் அவருடைய சாமர்த்தியத்தின் சிகரம் திருப்போரூர்ப் பெரியவர்தான். கோயில் காரியங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பம். சிஸ்டரின் தகப்பனார் அதே பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். இரண்டு செய்தியும் இருவருக்கும் தெரியும். பெரியவருக்கு அறுவை முடிந்து, தண்ணீர் குடிக்கலாம் என்று உத்தரவாகிவிட்டது. அவருடைய மனைவி குளிக்கப் போயிருந்தார். பெரியவருக்கு நாக்கு வறண்டது.

சிஸ்டர் டம்ளரை நீட்டினார். பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஒன் கையால நான் தீர்த்தம் குடிக்கிறதில்லேம்மா. அவ வந்துடட்டும்.”

சிஸ்டரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மாறாக, ஒரு பரம சந்தோஷம் தெரிந்தது.

“ரொம்ப நல்லதுங்க சாமி. என் கை படாத தண்ணி வராந்தா கோடியில வருது. சொம்பு உங்களுது, கொழாய் முனிசிபாலிட்டியுது. நடுவுல நான் எங்கியும் இல்ல. எழுந்திருங்க.”

பெரியவர் சுவரைப் பார்த்தார். குழாய் இருக்கும் திசையைப் பார்த்தார். குளிக்கப் போன மனைவியைச் சபித்தார். பிறகு எழுந்தார். ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் சொம்பையும் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக ஊர்ந்து போய்ச் சுத்தமான முனிசிபாலிட்டித் தீர்த்தத்தைப் பருகினார். அவருடைய மனைவி எப்போது குளிக்கப் போகிறார் என்பதைச் சிஸ்டர் அதற்குப் பிறகு கூர்ந்து கவனித்துவந்தார். ஊருக்குப் போகும் வாரத்தில் ஒரு மத்தியானம், களைத்துப்போயிருந்த பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“அம்மா, நீயே ஒரு வாய் கொண்டாந்து குடுத்துடேன். பரவால்லே.”

“ஐயய்யோ, அபச்சாரம்! தீட்டு ஒட்டிக்கினா யாரு பதில் சொல்றது? எய்ந்திரு சாமி!”

இதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் நான்.

இப்படி நடந்தால் புகார் வராமலிருக்குமா? வந்தது. ‘பச்சைப்புண்ணோடு நடக்கவிடுகிறாள்’, ‘வெற்றிலைச் செல்லத்தை ஒளிக்கிறாள்’, ‘நோயாளி என்கிற மட்டு மரியாதை இல்லை’. ஆஸ்பத்திரித் தலைவரை எல்லாரும் பெரிய டாக்டர் என்பார்கள். கெட்ட மனிதர் அல்ல. இளவயதில், தைத்த இடம் பிரிந்துபோன ஒரு கேஸைக் கண்ணெதிரே பார்த்தவர். அதிலிருந்து தையல் போட்டவன் அசைந்தாலே அவருக்குப் பயம். ஒரு காலை அவர் ரவுண்ட்ஸ் வந்தபோது, எங்கள் எல்லார் முன்னிலையிலும் சிஸ்டரிடம் சொன்னார்:

“சர்ஜன் எழுதிட்டார், அதனால சும்மா இருக்கேன். ஆனா சொந்தக்காரங்ககிட்டேருந்து இன்னும் ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சுன்னா, நீ வார்டுக்குள்ள கால் வெக்கக்கூடாது. ஸ்டோர் ரூம்ல உக்காந்து பெட்ஷீட் மடிச்சிக்கிட்டு இரு.”

“உக்காந்தா சார்?” என்று சிஸ்டர் கேட்டார்.

தூக்குத் தண்டனையைக் கேட்டவர் ‘கயிற்றிலா?’ என்று கேட்பது போல இருந்தது. அன்று முழுக்க அவர் யாரையும் மூன்றாம் தடவை அழைக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் இந்த அம்மாளின் குரல் பீரோவுக்குள் போய்விடும் என்று எங்களுக்கு விளங்கியது. அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த நாங்கள், கூப்பிடாமலே எழுந்து நடக்கத் தொடங்கினோம்.

இந்தச் சமயம் பார்த்து வந்து சேர்ந்தார் ஏழுமலை. சதுரங்கப்பட்டினத்து மீன்பிடிக்காரர். கட்டுமரம் தள்ளித் தள்ளிக் குடல் இறங்கி, அறுவைக்கு வந்தவர். நல்ல ஆகிருதி. கட்டிலில் படுத்தால் கட்டில் தெரியாது. கடலில் எதற்கும் அஞ்சாதவர், தரையில் தன் தையலுக்கு அஞ்சினார்.

“எழுந்திரு அண்ணாத்த.”

“வேணாம் சிஸ்டரு. தையலு பிரிஞ்சுதுன்னா உள்ள கீறதெல்லாம் கீய வுயுந்துடும்.”

“நீ வலை பின்றவன்தான? முடிச்சு போட்டா அவுந்துடுமா?”

“நான் போட்ட முடிச்சு எப்டி அவுறும்? இது எவன் போட்டதோ!”

சிஸ்டர் யோசித்தார். கட்டு மாற்றும் நேரத்தில் ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்து வயிற்றுக்கு நேராகப் பிடித்தார். ஏழுமலை தலையைத் தூக்கி, ஒவ்வொரு முடிச்சாக, வலைச்சந்தையில் சரக்குப் பார்ப்பது போலப் பார்த்தார். வார்டே கழுத்தை நீட்டிக் காத்திருந்தது.

“பரவால்ல,” என்றார் கடைசியில். “கை சுத்தமான ஆளுதான். தாங்கும்.”

எழுந்து நின்றார். தரை அதிர்ந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சாயங்கால நடைக்கு அவர்தான் முன்னணி. பின்கட்டுப் புளியமரம் வரைக்கும் போய்த் திரும்புவதற்கு ஓர் ஊர்வலமே கிளம்பும். முன்னால் சிஸ்டர், அடுத்து ஏழுமலை, அப்புறம் நாங்கள், எல்லாரும் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஏதோ வயிற்றின் மேல் ஆணையாகச் சத்தியம் செய்துகொண்டே போகிறவர்களைப் போல.

ஒரு நாள் வெயில் நன்றாக இருந்தது. மழை விட்ட முதல் நாள். கட்டில்களும் தரையும் வெயில் பட்டுக் காயட்டும் என்று சிஸ்டர் கணக்குப் போட்டு, எங்கள் அத்தனை பேரின் மெத்தைகளையும் சுருட்டிக் கட்டிலின் தலைமாட்டில் நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு, வார்டு மொத்தத்தையும் புளியமரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆயாவும் துணைக்கு வந்துவிட்டாள்.

இங்கேதான் தப்பு நடந்தது. அந்த வார்டில் மெத்தை சுருட்டப்பட்டால் அதற்கு அதுவரை ஒரே அர்த்தம்தான். ஆள் நடந்துபோனால் மெத்தை விரித்தபடி இருக்கும்; ஆள் தூக்கப்பட்டுப் போனால்தான் சுருட்டுவார்கள். இது ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் எல்லாருக்கும் தெரியும். சுருட்டியவருக்குத்தான் அந்த நேரத்தில் நினைவில்லை.

பார்வையாளர் நேரம். சதுரங்கப்பட்டினத்து பஸ் வந்து நின்றது. ஏழுமலையின் மனைவி, மாமியார், தாய்மாமன், இன்னும் ஒரு பஸ் கொள்ளும் உறவு, மீன்குழம்புச் சட்டியோடு வார்டு வாசலில் வந்து நின்றார்கள். அவருடைய கட்டிலைப் பார்த்தார்கள். மெத்தை சுருட்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்கள். அதுவும் சுருட்டியிருந்தது. வரிசை முழுவதும் பார்த்தார்கள்.

“அடியேய், வார்டே பூட்சே!” என்று மாமியார் தலையில் கைவைத்தார். “எதுனா கொள்ள நோயு வந்து வாரிகினு போய்ட்சே!”

கணம் தப்பாமல் ஒப்பாரி எழுந்தது. பின்னாலேயே வந்த மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களும் சுருட்டிய மெத்தைகளைப் பார்த்தார்கள், விசாரிக்கவில்லை, சேர்ந்துகொண்டார்கள். என் மைத்துனரும் அங்கே இருந்தார். அவர் அழவில்லை. நான் கைக்கடிகாரத்தை எங்கே கழற்றி வைத்திருப்பேன் என்று தேடிக்கொண்டிருந்தார்.

நாங்கள் திரும்பி வரும்போது வராந்தாவிலேயே சத்தம் கேட்டது. சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது, ஓட எத்தனித்தார். ஆனால் ஏழுமலை கதவண்டை நின்று, கையை விரித்து எங்களைத் தடுத்து, உதட்டில் விரல் வைத்தார்.

உள்ளே அவர் மனைவி பாடிக்கொண்டிருந்தாள்: “கடல்ல போயிருந்தா அலையாச்சும் ஒன்ன கரையில ஒதுக்குமே! கட்டில்ல போய், மெத்தையோட சுருட்டிட்டாங்களே, என் ராசா!”

ஏழுமலை கண் கலங்கத் தலையாட்டினார். “நல்லா கீதும்மே,” என்றார் மெதுவாக. “இன்னும் கொஞ்சம் பாடு.”

அடுத்தது தாய்மாமன் முறை. அவர் மார்பில் அடித்துக்கொண்டார்.

“மாப்ளே! ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள போய்ட்டியேடா! ஒன் எறா வலைய நான்தான்டா எத்துகினு போனேன்! கடல் அட்ச்சினு போச்சுன்னு பொய் சொன்னேனேடா!”

கதவண்டை ஒரு கர்ஜனை கேட்டது.

“அப்போ நீதானா மாமா அது?”

அடுத்து நடந்ததை அன்று அங்கே இருந்த எவரும் மறந்திருக்க முடியாது. செத்தவர் உள்ளே பாய்ந்தார். உறவு முழுவதும் அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டியது. மாமன் கட்டிலைச் சுற்றி ஓட, கத்தி பட்டு ஒரு வாரம்கூட ஆகாத ஏழுமலை, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பின்னாலேயே துரத்தினார். மீன்குழம்பு தரையில் ஓடியது. இந்த அமளிக்கு நடுவே சிஸ்டரின் குரல்:

“நடன்னுதான சொன்னேன்! ஓடச் சொன்னனா? நில்லுடா!”

நின்றார். ஏனென்றால் வாசலில் பெரிய டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

“இது ஆஸ்பத்திரியா, எழவு வீடா?”

மாமன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். டாக்டர் சுருட்டிய மெத்தைகளைப் பார்த்தார், அழுது வீங்கிய முகங்களைப் பார்த்தார், கடைசியில் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர், ஏற்கெனவே சரியாக இருந்த, சுருட்டிய மெத்தை ஒன்றின் ஓரத்தை மறுபடி மறுபடி நீவிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஏழுமலையின் மனைவியிடம் திரும்பினார். “ரொம்பப் பயந்துட்டீங்க. தப்பு எங்களுது. கம்ப்ளெயிண்ட் இருந்தா தைரியமா சொல்லுங்கம்மா. இப்பவே நடவடிக்கை எடுக்கறேன்.”



அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கீதுங்க டாக்டரய்யா.”

நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

“இந்த ஆளு மேலதான். நான் தொண்ட கிய்ய அயுதுகினு கீறேன், கதவாண்ட நின்னுகினு ‘இன்னும் கொஞ்சம் பாடு’ன்றாரு. இதுக்கு இன்னா பண்ணுவீங்க, பண்ணுங்க.”

“அது சரி. சிஸ்டர் மேல?”

“சிஸ்டரு மேல இன்னா?” அவள் ஆச்சரியத்தோடு கேட்டாள். “போனவன இட்டுகினு வந்து வுட்டுதே அந்தம்மா.”

டாக்டர் ஏழுமலையைப் படுக்கச்சொன்னார். கட்டை அவிழ்த்தார். குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா சார், தாங்குதா?” என்றார் ஏழுமலை.

டாக்டர் கட்டை மூடினார். சிஸ்டரிடம் வந்தார். “இனிமே மெத்தையைச் சுருட்டிட்டுப் போகாதே. கட்டில் மேல ஏதாவது வெச்சிட்டுப் போ. துண்டோ, சொம்போ. ஆள் திரும்பி வருவான்னு வர்றவங்களுக்குத் தெரியணும்.”

“சரி சார்.”

வாசல் வரைக்கும் போனவர் நின்றார். “நாளைக்கு எத்தனை மணிக்கு?”

“எது சார்?”

“நடை.”

அன்றிலிருந்து, ஆளில்லாத கட்டிலில் சொம்பு இருந்தால் ஆள் நடக்கப் போயிருக்கிறான் என்று அந்த வார்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சிஸ்டர் ஸ்டோர் ரூமுக்குப் போகவேயில்லை. ஓய்வு பெறும் வரை வார்டிலேயே நின்றார்.

போன மழைக்காலத்தில் எனக்கு இன்னொரு அறுவை நடந்தது. அன்று சாயங்காலமே ஒரு சின்னப் பெண் வந்தாள். தொப்பி கிடையாது, கால்சட்டையும் நீலச் சட்டையும், கையில் காகிதத்துக்குப் பதிலாக ஒளிரும் ஒரு திரை. “தாத்தா, எழுந்து உக்காருங்க, ரெண்டு அடி நடக்கலாம்,” என்றாள். யாரும் குறுக்கே விழவில்லை. என் பேரன் நான் நடப்பதைப் படம் பிடித்தான். பக்கத்து அறைகளிலும் அதே பேச்சு, அதே நடை. அவள் தந்த தண்ணீரை அவள் கையாலேயே எல்லாரும் வாங்கிக் குடித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. எல்லாரும் செய்யும் காரியத்துக்கு எதற்குப் பட்டப்பெயர்?

எய்ந்திரு சிஸ்டரின் கடைசிக் காலம் பற்றி எனக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு செய்தி. ஓய்வுக்குப் பிறகு மாமல்லபுரத்தில் தங்கை வீட்டோடு இருந்தாராம். காலையில் கடற்கரை மணலில் துண்டை விரித்துப் படுத்து, வெயில் ஏறிய பிறகும் அசந்து தூங்குவாராம். சொன்னவர் நேரில் பார்த்தவர் அல்ல. பார்த்தவரைத் தேடிப் போனேன், கிடைக்கவில்லை. எனவே இது உறுதிசெய்யப்படாத தகவல் என்றே குறித்து வைத்திருக்கிறேன். உண்மையாக இருந்தால், அந்த வழியாகப் போனவர்கள் யாரும் அவரை எழுப்பியிருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.